காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்த பெட்டி

இன்று அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பழைய கம்ப்யூட்டர் பிளாப்பி கையில் பட்டது. உறையைப் பிரித்ததும் தேயிலைத் தூள் வாசம். உன் சாவு வீட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் அடக்கி வைத்திருந்த கோபம் அந்த வாசத்தோடு மேலே வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைத் தொடத் தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும்தான். தொழிலாளர்களின் பேர்ப்பதிவு, வேலைநாள், சம்பளம் எல்லாம் அதற்குள் போயிற்று. சனிக்கிழமைதோறும் பிளாப்பிகளில் பிரதி எடுப்போம். மிஷின் படுத்தால், பிரதியை ஏற்றி, அதை எடுத்த நாளுக்கே எல்லாவற்றையும் திருப்பிவிடலாம். ஆனால் நம் ஊர்ப் பனி சும்மா விடுமா? ஆபீசில் வைத்தவற்றில் பூஞ்சணம் பூத்தது.

தோட்டத்திலேயே ஈரம் அண்டாத இடம் ஃபெக்டரியில் தூள் சலிக்கும் அறைதான், அங்கே வையுங்கள் என்றார் ஆபீசுக்குப் பொறுப்பான பெரிய கிளாக்கர்.

"அங்க காந்தம் இருக்குங்க ஐயா," என்றாய் நீ. "தூள்ல கெடக்குற இரும்ப எடுக்குற காந்தம். பிளாப்பியில உள்ளத அழிச்சிரும்."

"காந்தம் இரும்பத்தாம்மா புடிக்கும். கொழுந்து பறிக்கிற மாரியாயி பேரையுமா புடிக்கும்?"

ஆபீசே சிரித்தது. பிளாப்பிகளை ஒரு தேயிலைப் பெட்டியில் அடுக்கி, காந்தத்துக்குப் பக்கத்துத் தட்டிலேயே வைத்தார்கள். "எடுத்து வைக்கிறது பெருசில்ல புள்ள. திரும்பி வருதான்னு பாக்கணும்" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாய். ஏற்றிப் பார்க்க அனுமதி கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் மிஷின நிப்பாட்ட ஏலாது" என்றார் அவர்.

மழைக்காலத்து இடியில் மிஷின் செத்தது. பழுதுபார்த்து வந்ததும் பெட்டியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டோம். எல்லாம் காலி. உன் இழுப்பறையில் மறந்து கிடந்த பழைய பிரதி மட்டும் ஏறியது. தோட்டம் பல மாதம் பின்னால் போய் நின்றது. இடையில் பேர் பதிந்த பெண்கள் ஒருத்தரும் அதில் இல்லை. நிறைமாதமாக இருந்த உன் தங்கையும் இல்லை. பேரும் அத்தனை மாத வேலைநாளும் இல்லையென்றால் பிரசவக் காசும் இல்லை.

பதிவுத் தாள்கள் ஆபீஸ் அலமாரியில்தான் இருந்தன. அவற்றைப் பார்த்து மிஷினில் அடித்தால் முடிந்தது. பெரிய கிளாக்கர் விடவில்லை. ஏன் மறுபடி அடிக்கிறீர்கள் என்று கொழும்புத் தலைமை ஆபீஸ் கேட்கும், காந்தக் கதை வெளியே வரும்.

"மிஷின்ல உள்ளதுதான் கணக்கு. அவளுங்க புதுசா பதியட்டும்."

"புதுசா பதிஞ்சா இன்னைக்கு வேலைக்கு வந்த மாதிரிதானேங்க? என் தங்கச்சி வயித்துல உள்ளது அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

அவர் சாப்பாட்டுக்குப் போகும் மத்தியானங்களில் நான் தாளை வாசித்தேன், நீ அடித்தாய். பிடிபட்டபோது, "இவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் செஞ்சேன்" என்று என் வாயை அடைத்தாய். அடித்த பேர்களை அழிக்க அவருக்குத் துணிவில்லை. அழித்தாலும் காரணம் சொல்ல வேண்டுமே. உன்னைத்தான் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சொன்ன காரணம்: பிரதிகளைக் கவனமில்லாமல் பாழாக்கினாள்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். அட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டு, நான் கொதித்தபோதெல்லாம், "காசு கெடச்சு புள்ளயும் பொறந்திருச்சில்ல, விடு" என்பாய். நீ விட்டதால்தானே அந்தப் பொய் இத்தனை வருடம் உயிரோடு இருந்தது?

அந்தப் பொய் உன் சாவு வீட்டுக்கும் வந்தது. கைத்தடியோடு உட்கார்ந்து பெரிய கிளாக்கர் சொன்னார்: "கெட்டிக்காரப் புள்ள. அந்த பிளாப்பி விஷயத்துலதான் கவனமில்லாமப் போயிட்டா."

"பெட்டிய அங்க வைக்கச் சொன்னது யாருங்க ஐயா?" என்றேன்.

"அதெல்லாம் பழசும்மா. எழவு வீட்டுல எதுக்கு?"

"நீங்கதான் ஆரம்பிச்சீங்க."

தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த உன் தங்கை மகள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பிரசவக் காசில் பிறந்தவள். "பெரியம்மாவ நிப்பாட்டுனது இதுக்காகவா?" என்று கேட்டாள். எல்லோர் முன்னாலும், ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் எழுந்து போகப் பார்த்தார். "இருங்க தாத்தா, அவங்க சொல்லி முடிக்கட்டும்" என்றாள் அவள்.

இன்றும் எதைப் பிரதி எடுத்தாலும், ஒருமுறை ஏற்றிப் பார்த்த பிறகுதான் ஆபீசை விட்டுக் கிளம்புகிறேன். அது நீ சொன்னபடி. விடு என்றாயே, அதை மட்டும் நான் கேட்கப் போவதில்லை. பிளாப்பியில் ஒட்டியிருந்த தூளைத் துடைக்காமல் உறையில் போட்டு வைத்துவிட்டேன்.