குடும்பப் படம்

பங்குனி, ஞாயிறு இரவு.

இன்று காலை அண்ணன் மருமகன் என்னையும் இழுத்துக்கொண்டு, பீரங்கி அளவு கேமராவோடு கொள்ளிடக்கரைப் பூங்காவுக்கு எழுந்தருளினார். ஈரேழு உலகத்துப் பறவைகளும் அவர் படம் எடுப்பதற்காகவே முட்டையிடுகின்றனவாம்! புதருக்குள் ஒரு கொண்டைக்குருவிக் கூடு, அதில் குஞ்சுகள். இலை மறைக்கிறதென்று கூட்டுக்கு நிழலாக இருந்த கிளையை ஒடித்துவிட்டார்.

"ஏங்க மாப்ள, கூரையப் பிரிச்சுட்டுத்தான் உங்க வூட்டுப் புள்ளைங்களயும் போட்டோ எடுப்பீங்களா?"

"ஒரே ஒரு போட்டோ மாமா, கோச்சுக்காதீங்க."

அந்த ஒன்றுக்கு ஒரு யுகம் ஆனது. குஞ்சுகள் வெயிலில் வாயைப் பிளந்தன. தாய்க்குருவி வேலியில் கத்தியதே தவிர, கிட்டே வரவில்லை. அவரை வண்டிக்குத் துரத்திவிட்டு, ஒடிந்த கிளையை என் துண்டால் கட்டிவிட்டு வந்தேன்.

வாட்ஸப்பில் குடும்பமே கைதட்டுகிறது. இலை நாளைக்கே வாடிவிடும். தாய் திரும்பி வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குத் தெரியாது.