சார் சொல்லச் சொன்னார்

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. கீழே பார்க்கிங்கில் நம் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கதவைத் திறந்தால் பெயின்ட்டும் தின்னரும் கலந்த வாடை மூக்கில் ஏறுகிறது. அதை மறைக்கிறேன் பேர்வழி என்று சர்வீஸ்காரர்கள் எலுமிச்சை மணத்தில் ஓர் அட்டையை வேறு உள்ளே தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து குமட்டுகிறது. அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு மேலே வந்து உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். வேறு யாரிடம் சொன்னாலும் "அதான் வண்டி சரியாயிடுச்சே, அப்புறம் என்ன?" என்பார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொல்லும் எதற்கும் "அப்புறம் என்ன?" என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டாலும் அது மேலே கதை கேட்பதற்காகத்தான் இருக்கும்.

கோட்டூர்புரம் பாலம் இறங்கி சிக்னலில் நின்றிருந்தேன். சிவப்பு விளக்கு. நான் நின்று, கைப்பிரேக் போட்டு, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்த பிறகு பின்னாலிருந்து ஒருவன் இடித்தான். கழுத்து வெடுக்கென்று முன்னே போய்ப் பின்னே வந்தது. இறங்கிப் பார்த்தால் லாரி அளவுக்கு ஒரு வண்டி, அதற்குள்ளிருந்து ஒரு பையன். தாடியை வளர்ப்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசியை ரோட்டைப் பார்ப்பதில் காட்டியிருக்கலாம். கையில் இன்னும் போன் இருந்தது.

"ஏன் ஆன்ட்டி சடனா நிறுத்தினீங்க?"

"சிவப்பு விளக்கு எரியுதுப்பா."

"எல்லாரும் போயிட்டுதான இருந்தாங்க? சரி விடுங்க, அங்கிள் நம்பர் குடுங்க. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

இடித்தது அவன், இடிபட்டது நான், பேச்சுவார்த்தைக்கு நீங்கள். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் வண்டியைக்கூட நிறுத்தாமல் தலையை மட்டும் நீட்டி, "இன்னாம்மா, நடு ரோட்ல நிறுத்திக்கினு பஞ்சாயத்து பண்ணிக்கினு கீற? லேடீஸ்தான் ஓட்டியிருப்பாங்கன்னு அப்பவே நெனச்சேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எப்போது நினைத்தாராம்? அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பையனின் வண்டி நம்பரைப் படம் எடுத்துக்கொண்டேன். உங்கள் நம்பரைக் கொடுக்கவில்லை.

நீங்கள் ஸ்டியரிங்கைத் தொட்டது ஒரே ஒரு தடவை. பெசன்ட் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிரே வந்த மாட்டுக்கு மரியாதை கொடுத்து வண்டியை நடைபாதையில் ஏற்றினீர்கள். "இது நமக்கு ஒத்து வராது தாயி" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தவர்தான். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த மனிதர். ரோட்டோரத்துப் பார்த்தீனியத்தைத் தெரியும், பானட்டை எப்படித் திறப்பது என்று தெரியாது. நானோ துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர்களோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்கினவள். வண்டியும் என் பெயரில், என் சம்பளத்தில் வாங்கியது. ஆனால் சர்வீஸுக்குப் போனால் அங்கே நின்றவர்களின் கண்ணுக்கு நான் உங்களோடு கூட வந்த கைப்பை.

ஒரு தடவை கிளட்ச் தேய்ந்து போனபோது என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? சர்வீஸ் அட்வைசர் உங்களைப் பார்த்து "என்ன சார் கம்ப்ளெய்ன்ட்?" என்றான். நீங்கள் என்னைப் பார்த்து "என்ன கம்ப்ளெய்ன்ட்?" என்றீர்கள். நான் "மூணாவது கியர்ல இழுக்க மாட்டேங்குது" என்றேன். நீங்கள் அவனைப் பார்த்து, "மூணாவது கியர்ல இழுக்க மாட்டேங்குதுப்பா" என்றீர்கள். அவன் அப்போதுதான் எழுதிக்கொண்டான். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க ஒரு தாவரவியல் பேராசிரியர். எனக்கு ரத்தம் கொதித்தது. உங்களுக்கு அது விளையாட்டு. வீடு திரும்பும் வழியெல்லாம் அவனைப் போலவே பேசிக் காட்டுவீர்கள். நான் அவனைத் திட்டுவேன், அவன் முதலாளியைத் திட்டுவேன், கடைசியில் உங்களைத் திட்டுவேன். நீங்கள் இருமல் வரும்வரை சிரிப்பீர்கள். "அவன் யார் மூஞ்சியப் பார்த்துப் பேசினா என்ன தாயி, வண்டி ஓடுதுல்ல?" என்பீர்கள். உங்களுக்கென்ன, அவன் பார்த்துப் பேசியது உங்கள் மூஞ்சியைத்தானே. இதில் உங்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மன்னிப்பு கிடையாது.

இப்போது தி.நகரில் அதே சர்வீஸ் சென்டர். அட்வைசர் மட்டும் புதியவன். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், தலையில் ஏகப்பட்ட ஜெல். முதல் கேள்வியே, "சார் வரலையா மேடம்?"

"வரலை" என்றேன். அதில் பொய் இல்லை.

பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தான். "பம்பர் போச்சு, ஒரு லைட் போச்சு. டிக்கி கதவுல கொஞ்சம் டிங்கரிங். அவ்ளோதான் மேடம்."

"டிக்கிக்குக் கீழ, பம்பருக்கு உள்ள இருக்கிற தகடு வளைஞ்சிருக்கு. டிக்கி ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது பாருங்க. பம்பரைக் கழட்டிட்டுப் பாருங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது மேடம். நாங்க பார்த்துக்கறோம். ஏசி ரூம்ல உட்காருங்க, காபி அனுப்பறேன்."

அந்தக் காபியைக் குடிப்பதற்குத் தின்னரைக் குடிக்கலாம். இன்சூரன்ஸ் சர்வேயர் என்று ஒருவர் வந்தார். வண்டியை நாலு படம் எடுத்துவிட்டு என்னிடம், "சடன் பிரேக்குங்களா?" என்று கேட்டார். நின்ற வண்டியில் எப்படிங்க சடன் பிரேக் போடுவது என்று கேட்டேன். நான் ஏதோ ஜோக் அடித்ததுபோலச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இவர்களை விடுங்கள், ஊரார். நம் பிள்ளையைச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து போனில், "எதுக்கும்மா அப்பா வண்டியக் கட்டிக்கிட்டு அழற? வித்துடலாம். ஆப்ல புக் பண்ணா வாசலுக்குக் கார் வருது" என்கிறான். அப்பா வண்டியாம்! பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் கிரிக்கெட் கோச்சிங்குக்கும் பின் சீட்டில் உட்கார்ந்து என் பின்னந்தலையைப் பார்த்தே வளர்ந்தவன். அவன் நினைவில் அந்த வண்டியை ஓட்டியது நீங்கள். "உங்கப்பா என்னைக்குடா ஓட்டினார்?" என்றேன். "அதில்லம்மா, வயசாகுதுல்ல. அடுத்த மாசம் வரேன். ஓட்டிப் பார்க்கறேன். டிக்கி ஒழுங்கா மூடலன்னா, மழைத்தண்ணி உள்ள இறங்குச்சுன்னா, ஆர்கியு பண்ணாத, குடுத்துடறோம்" என்றான். பெரிய மனுஷன் ஆகிவிட்டான். ஆனால் சொன்னால் செய்வான், அந்தப் பிடிவாதம் என் பக்கத்து ரத்தம். வளைந்த தகட்டோடு வண்டி வந்தால் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அப்புறம் நான் யாரோ ஒருவனின் பின் சீட்டில் உட்கார்ந்து, ஓடிபி சொல்லி, "ரைட்ல திரும்புங்க தம்பி" என்று கெஞ்சி மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். பயந்துதான் போனேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

"வண்டி ரெடி மேடம்" என்று கூப்பிட்டார்கள். போனேன். புது பம்பர் பளபளவென்று இருந்தது. டிக்கியை இறக்கினால் மூடவில்லை. இன்னொரு தடவை இறக்கினேன், எகிறி நின்றது. ஜெல் தலை ஓடி வந்து முழு பலத்தோடு அடித்து மூடினான். பக்கத்து வண்டியில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"பாருங்க, க்ளோஸ் ஆயிடுச்சு. கொஞ்சம் ஃபோர்ஸ் குடுக்கணும் மேடம். லேடீஸ்க்குக் கஷ்டமாத்தான் இருக்கும். சார் போட்டா ஈஸியா மூடிடும்."

அந்த நிமிஷம் எனக்குள் என்னவோ அறுந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"சார் ஒரு விஷயம் சொல்லச் சொன்னார். பம்பருக்கு உள்ள தகடு வளைஞ்சிருக்காம். அதைக் கழட்டி மாத்தாம வண்டியை எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டார்."

அவன் முதுகு நிமிர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சார் சொன்னாரா?" என்றான். டேப்லெட்டைத் திறந்தான். ஃப்ளோர் இன்சார்ஜைக் கூப்பிட்டான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான் முதல் நாளே தொட்டுக் காட்டிய இடத்தை, முதல் முறையாகப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்கள். பம்பர் கழன்றது. தகடு உள்பக்கமாக நன்றாகவே மடங்கியிருந்தது.

"சார் கரெக்டா சொல்லிட்டார் மேடம். வீட்ல இருந்துக்கிட்டே எப்படிக் கண்டுபிடிச்சார்?"

"அவருக்கு அனுபவம் ஜாஸ்தி" என்றேன்.

அன்றிலிருந்து உங்கள் கொடி பறந்தது. தகடு வந்து பொருத்தினார்கள். டிக்கி ஓரத்தில் ரப்பர் பீடிங் பழசையே ஒட்டியிருந்தார்கள். "சார் புதுசு போடச் சொன்னார்." போட்டார்கள். பெயின்ட் நிறம் கதவோடு சேரவில்லை, வெயிலில் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. "சார் ஒத்துக்க மாட்டார்." மறுபடி அடித்தார்கள். பின் விளக்குக்குள் ஈரம் கோத்திருந்தது. "சார் பார்த்தா கோபப்படுவார்." மாற்றினார்கள். ஜெல் தலை என் பின்னாலேயே வந்து, "சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட் இல்ல மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டான். வாழ்நாளில் ஒரு பியூனைக்கூட அதட்டியறியாத உங்களை! மாட்டுக்கு வழிவிட்டு நடைபாதையில் ஏறின உங்களை! ஆண் என்ற ஒரே தகுதியில், செத்த பிறகும் உங்களால் ஒரு சர்வீஸ் சென்டரை நடுநடுங்க வைக்க முடிந்தது. நான் உயிரோடு எதிரே நின்று அதையே சொன்னால் காபி அனுப்புகிறான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் நீங்கள் இல்லை என்று ஒப்புக்கொண்டாயிற்று. பேங்க்கில், ரேஷன் கார்டில், பால்காரரிடத்தில் சொல்லியாயிற்று. அந்த கிரீஸ் தரையில் மட்டும் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள், கோபப்பட்டீர்கள், ஒத்துக்கொள்ள மறுத்தீர்கள். வேண்டுமென்றே ஒரு நாள் கூடுதலாகப் போனேன்.

வண்டி எடுக்கும் நாள். டிக்கியை ஒரு விரலால் இறக்கினேன். க்ளிக் என்று உட்கார்ந்தது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் காட்டச் சொன்னேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பிள்ளை வரட்டும், குடம் குடமாக ஊற்றிப் பார்க்கட்டும்.

ஜெல் தலை குழைந்துகொண்டு நின்றான். "சாரையும் கூட்டிட்டு வந்திருக்கலாம் மேடம். ஒரு வாட்டி பார்க்கணும்னு இருந்தேன். போன் போட்டுக் குடுங்களேன், சார் திருப்தின்னு சொல்லிட்டா எனக்கு அது போதும்."

தூங்குகிறார் என்று சொல்லியிருக்கலாம். வண்டிதான் சரியாகிவிட்டதே, இனிமேல் எனக்கு என்ன பயம்? தவிர, பெருமை உங்களுக்கே போவது எனக்குப் பொறுக்கவில்லை.

"சார் போன ஐப்பசியிலேயே தவறிட்டாருப்பா" என்றேன்.

முகம் வெளுத்துவிட்டது. வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், டிக்கியைப் பார்த்தான். மண்டைக்குள் கணக்கு ஓடுவது தெரிந்தது. இப்போதாவது புரியும் என்று காத்திருந்தேன். தகட்டைக் கண்டுபிடித்தது யார், பெயின்ட்டைப் பார்த்தது யார், எதிரே நிற்கிற இந்தப் பொம்பளை யார் என்று. அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கனவுல வந்து சொன்னாரா மேடம்?"

சாவியை வாங்கி ஏறி உட்கார்ந்தேன். நான் வண்டியை எடுத்தபோது அவன் செருப்பைக் கழற்றிவிட்டு பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பெயின்ட் அடிப்பவர்கள் இரண்டு பேர் தள்ளி நின்று கும்பிட்டார்கள். செத்தவன் வந்து பம்பருக்குள் பார்த்துச் சொல்வான் என்று நம்ப முடிகிறது அந்த முட்டாளுக்கு. எனக்குக் கண் இருக்கிறது என்று மட்டும் நம்ப முடியவில்லை.

தேனாம்பேட்டை சிக்னல் வரை அடக்கிக்கொண்டு வந்தேன். அங்கே சிவப்பில் நின்றதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். "கேட்டீங்களா என்னங்க, கனவுல வந்தீங்களாம்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு இடது பக்கம் திரும்பினேன். சீட்டில் சர்வீஸ்காரர்கள் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை ஏசிக் காற்றில் லேசாக உப்பி ஆடிக்கொண்டிருந்தது.

பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து, யாரோ ஒருவன் வழக்கம்போல "லேடீஸ்" என்று ஏதோ கத்திவிட்டுப் போனான். அவனைத் திட்ட வாய் வந்தது, திட்டவில்லை. யார் கேட்கத் திட்டுவது? இத்தனை வருடம் நான் ஊரையெல்லாம் திட்டியது உங்கள் காதில் விழத்தான் என்று அந்த சிக்னலில்தான் எனக்குத் தெரிந்தது. ஐப்பசியிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றைக்கூட இறக்கி வைக்க இடமில்லை.