அரசர் பெயரைக் கடவுச்சொல்லாக வைக்கலாகாது

நீர் நிறைக, நெல் விளைக. வெண்கோடல் நாடாளும் மன்னர், ஏழேரி காத்த பொறையழகப் பெருமானடிகள் வடவெல்லைப் பாசறையில் நலமே வீற்றிருக்க, தலைநகரிலிருந்து ஓலைநாயகம் தேவன் சாத்தன் அடிபணிந்து எழுதுவது. பாசறைக்கு வலைத்தொடர்பு எட்டாமையின் பனையோலையில் வரையலானேன்.

ஏரிநீர் முறை கேட்கும் நம் வலைத்தளத்தில் எவரும் எவர் பெயரிலும் நுழைந்து நீரை மடக்கிக்கொண்டமையால், பயனர் பதிவும் உள்நுழைவும் அமைக்கப் பணித்தீர்கள். அமைத்தோம். ஆணைகளுக்கு ஒப்புதலிடும் தங்கள் கணக்கைத் தாங்களே முதலில் பதிந்துவிட்டுப் பாசறைக்குச் சென்றீர்கள். பின்பு குடிகள் யாவரும் பெயர் பதிந்து, தத்தமக்கென்று கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டனர். அப்பாடா என்று அமர்ந்தேன்.

அமர விட்டார்களா? உழத்தி காரிநங்கை என் வாயிலில் வந்து வயிற்றிலடித்துக்கொண்டாள். கதிர் பால் பிடிக்கும் வேளையில், பக்கத்து வயல் எயினன் அவள் கணக்கிலேயே நுழைந்து, அவள் முறைநீரைத் தன் வயலுக்கு மாற்றிவிட்டான். கடவுச்சொல்லை யாரிடமேனும் சொன்னாயோ என்று வினவினேன். யாரிடமும் சொல்லவில்லை என்றும், அரசர் பெயரையே வைத்தவளுக்கு இப்படியும் நேருமா என்றும் அழுதாள். எயினனைப் பிடித்துக் கேட்டால், ஊரே வைத்திருப்பது அந்தப் பெயரைத்தானே என்கிறான்! தங்கள்மேல் இவர்கள் கொண்ட அன்பை என்னவென்று சொல்வேன், தலையில் அடித்துக்கொண்டேன்.

நல்லவேளையாக, அன்றே மடையைத் திருப்பினோம்; பயிர் பிழைத்தது. நேற்று காரிநங்கை சிரித்த முகத்தைக் கண்டபின்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இனி எவரும் அரசர் பெயரைக் கடவுச்சொல்லாக வைக்கலாகாது என்று உடனே ஆணை வரைந்தேன். அரசர் பெயரை விலக்கும் ஆணையில் கையொப்பமிட ஓர் அதிகாரியும் துணியவில்லை. தமக்கிருப்பது ஒரே தலை என்றனர். தங்கள் ஒப்புதலன்றி வேறு வழியில்லை. ஓலை போய்த் திரும்புவதற்குள் இன்னொரு வயல் காய்ந்துவிடுமே என்று அஞ்சி, பொறுத்தருள்க, தங்கள் கணக்கில் தங்கள் பெயரையே கடவுச்சொல்லாக இட்டுப் பார்த்தேன்.

திறந்துகொண்டது.

பகைவன் கை படுமுன் என் கை பட்டதே என்று பெருமூச்சு விட்டு, அங்கிருந்தபடியே ஆணைக்கு ஒப்புதலும் இட்டேன். ஆகவே, பெருமானே, இவ்வாணையைத் தாங்களே பிறப்பித்துவிட்டீர்கள்.

குடிகள் யாவரும் வேறு சொல் வைத்துவருகின்றனர். தங்கள் கணக்கைப் பூட்டியுள்ளேன். தாங்கள் நேரில் வந்து புதுச்சொல் இடும்வரை, அரசரே கேட்பினும் அது திறவாது. அச்சொல்லை எனக்கும் சொல்லற்க.

ஏழேரியும் ததும்புக, தங்கள் வாள் வெல்க. கயல் இலச்சினை இட்டு, தங்கள் ஆணைப்படியே தங்களைப் பூட்டிய தேவன் சாத்தன் எழுத்து.