மும்தாஜின் பெயர்

8 ஆகஸ்ட் 2006, செவ்வாய்

எங்கள் ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகம் நிதி ஒதுக்கிவிட்டது. வகுப்பில் வாய் திறக்கப் பயப்படும் முதலாண்டுப் பிள்ளைகளை, சந்தேகத்தைத் தமிழில் எழுதிக் கேட்கச் சொன்னால் வேதியியல் புரிகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. யோசனை என்னோடு வேலை பார்த்த மும்தாஜுடையது. விண்ணப்பத்தில் அவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்தது. ஏப்ரலில் அவள் இறந்துவிட்டாள்.

துறைத் தலைவர் கூப்பிட்டார். "மும்தாஜ் பேர எடுத்துட்டு, அவங்க இடத்துக்கு வந்த சுகுணா பேரப் போடுங்க மேடம். இல்லாதவங்க பேர்ல பணம் வராது. நாளைக்கே அனுப்பணும்."

"சரி சார்" என்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

சாயங்காலம் முல்லா வீதியில் அவள் வீட்டுக்குப் போய், நிதி கிடைத்த சேதியை மட்டும் சொன்னேன். அவள் கணவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "அவ பேரு இருக்குதா மேடம்?" என்று கேட்டார்.

"இருக்குது பாய்."

அவர் உள்பக்கம் திரும்பி, "அம்மா பேரு வந்திருக்குதாம்" என்றார். மகள் பள்ளிச் சீருடையோடு வந்து நின்றாள்.

"புத்தகமா வந்தா எனக்கு ஒண்ணு தருவீங்களா ஆன்ட்டி?"

தருகிறேன் என்றேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், சாப்பிட்டேன். எதிலும் ருசி தெரியவில்லை.

பெயரை எடுக்க மாட்டேன் என்று நாளைக்குச் சொல்லலாம். சொன்னால் பணம் திரும்பிப் போய்விடும், பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். மும்தாஜாக இருந்தால், "எடுத்துட்டு வேலயப் பாருடி" என்பாள். அதை அவள் மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.