சுவரில் மிஞ்சிய புள்ளி

தங்கச்சிக்கு,

கதவையும் திறக்க மாட்டாய், போனையும் எடுக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

பிப்ரவரியில், பிறக்கப்போகும் குழந்தையின் அறைக்காக, உன் சாப்பாட்டு மேசையில் ஸ்டிக்கர் வெட்டும் என் மெஷினை வைத்துக்கொண்டு நாம் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? டாலர் கடை ஃபிரேம்கள், காகித மேகங்கள், என்னிடம் மிஞ்சிக் கிடந்த ஸ்டிக்கர் சுருள். "இந்தக் கஞ்சப் பெரியம்மா விட்டா, என் பொண்ணுக்குத் தொட்டிலையும் அட்டையிலயே வெட்டிடுவா" என்று சிரித்தாய். கடைசியாக, தொட்டிலுக்கு மேலே சுவரில், மஞ்சள் ஆங்கில எழுத்தில் அவள் பெயரை டெலியா என்று ஒட்டினோம்.

"உங்க தங்கச்சி வெறுங்கையோடதான் வீட்டுக்கு வருவா" என்று ஆஸ்பத்திரியிலிருந்து உன் கணவன் கர்ட் போனில் சொன்னதும், அந்தப் பெயர் உன் கண்ணில் படக்கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. ஹேர் டிரையரால் சூடு காட்டி ஒவ்வொரு எழுத்தாக உரித்தேன். ஆங்கில 'ஐ'யின் தலையில் இருக்கும் புள்ளி தனித் துண்டு. அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

நீ கவனித்தாய். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "அவ பேரு உலகத்துலயே இங்க மட்டும்தான் இருந்துச்சு. அதையும் நீயே உரிச்சிட்டியா?" என்றாய். உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று உன்னோடு வாதாடினேன். உரித்ததைவிட அதுதான் பெரிய பாவம்.

"அந்தப் புள்ளிகிட்ட யாரையும் விடமாட்டேங்கறா, என்னையும்தான்" என்று கர்ட் நேற்றுச் சொன்னான்.

மெஷினின் சேமிப்பில் அந்தப் பெயரின் வடிவம் அப்படியே இருந்தது. அதே மஞ்சளில் மறுபடி வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டுவதும் ஒட்டாததும் உன் இஷ்டம். புள்ளியை மட்டும் வெட்டவில்லை. அது உன்னிடம் இருக்கிறது.

உன் அக்கா