நானூத்தி ஒண்ணு மூட்டைப் புண்ணாக்கு

பெருமாட்டி
புதன்கெழமை

அன்புள்ள அம்மிணி சிவசங்கரிக்கு அத்தை எழுதிக்கறது. மாகாளியாத்தா புண்ணியத்துல இங்க நானும் உன்ற மாமாவும் ரெண்டு மாடும் ஒரு கொறையுமில்லாம இருக்கறோம், நீயும் அந்த நெதர்லாந்துக் குளுருல தலைக்கு எண்ணெ வெச்சு, நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கோணும்னு தெனமும் வெளக்குப் பொருத்தறப்ப சொல்லிக்கறேன். போன் இருக்கறப்ப இவ எதுக்குக் கடுதாசி எழுதறான்னு நெனைப்பே. போனை எடுத்தா உன்ற மாமா ஸ்பீக்கர்ல போடச் சொல்லிப் பக்கத்துல வந்து உக்காந்துக்கறாரு, இது அவரு காதுல விழுகக் கூடாத சமாச்சாரம். எழுதி நானே போட்டோ புடிச்சு அனுப்பறேன், தலைகீழா வந்துதுன்னா போனைத் திருப்பி வெச்சுப் படி. செவலை மாடு கெடாரிக் கன்னு போட்டிருக்குது, நெத்தியில வெள்ளைச் சுட்டி, அதுக்கு உன்ற பேரை வெக்கலாம்னு மாமா சொன்னாரு, நாந்தான் வேண்டாம்னுட்டேன், நாளைக்கு ஒதைச்சுதுன்னா உன்னைத் திட்டுன மாதிரி ஆயிரும். சீமைக்குப் போயி புண்ணாக்கைப் பத்தியா படிக்கறான்னு தெருவுல சிரிக்கறாங்க, நீங்க குடிச்சு வளந்த பாலெல்லாம் பின்னே எதுல வந்துதுன்னு கேட்டு உட்டேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். போன ஞாயித்துக்கெழமை நீ பேசுனே பாரு, கொல்லங்கோடு, நல்லேப்பிள்ளின்னு இந்தப் பக்கத்து எண்ணெ மில்லுல எல்லாம் இருபது வருசமாப் புண்ணாக்கு ஏறி எறங்கி, கடைசில எறங்கியே கெடக்குது, பெருமாட்டிப் பக்கம் ஒரே ஒரு சின்ன மில்லு மட்டும் நூல் புடிச்ச மாதிரி ஏறுதுன்னு. மலையாளத்துச் சர்க்கார் கணக்குல மில்லுப் பேரை மறைச்சு நம்பர் மட்டுந்தான் குடுத்திருக்காங்க, அது யாரு மில்லுன்னு தெரியுமா அத்தைன்னு கேட்டே. உன்ற வாத்தியாரு அசந்து போயிட்டாரு, மாசக் கடைசில எரநூறு பேரு முன்னால அதைப் பத்தித்தான் பேசப் போறேன்னு சொன்னே. நானூத்தி ஒண்ணு மூட்டைல ஆரம்பிச்சு வருசத்துக்கு ஒண்ணு ஏறுதுன்னு நீ சொன்னதும் என்ற கையில இருந்த கரண்டி கீழ விழுந்துருச்சு. என்ன சத்தம்னு கேட்டே, பூனைன்னு சொன்னேன். பூனை இல்லை கண்ணு. அந்த மில்லு நம்ம மில்லு.

திட்டாம முழுசாப் படி. கணக்கெடுக்கற சார் வருசா வருசம் தைப் பொங்கல் கழிஞ்ச கையோட வருவாரு, சர்க்கார் ஆளு வண்டிச் சத்தம் கேட்டாலே உன்ற மாமா பின்னால தென்னைக்குத் தண்ணி கட்டப் போயிருவாரு, அதனால பதில் சொல்றது நான். மொத வருசம் நெசமாவே நானூறு மூட்டைதான். மொட்டையா நானூறுன்னு சொல்லாம மொய் வெக்கறாப்புல ஒண்ணைச் சேத்திச் சொன்னேன். அடுத்த வருசம் கொறைஞ்சு போச்சு. ஆனா தை வெள்ளிக்கெழமை, மில்லுக்குள்ள புள்ளையாரு முன்னால அப்பத்தான் வெளக்குப் போட்டிருக்கறேன், கொறைஞ்சுதுங்கன்னு என்ற வாயால எப்படிச் சொல்றது? போன வருசத்துக்கு மேல ஒண்ணு போட்டுக்கங்க சார்னு சொல்லிட்டேன். அவரும் எழுதிட்டு, எள்ளுருண்டை தின்னுட்டு, டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. அப்பறம் அதே பழக்கமாயிருச்சு. பத்தொம்பது வருசம் அம்மிணி. இந்த வருசம் எவ்வளவு சொல்ல வேண்டியதுன்னு எண்ணிப் பாத்தேன், நானூத்தி இருபது. ஆத்தாளே எனக்கு என்ன பேருன்னு காட்டிக் குடுத்துட்டா.

இதுல கூத்து என்னன்னா, ஸ்பீக்கர்ல நீ சொன்னதைக் கேட்டுட்டு உன்ற மாமாவுக்குத் தூக்கமே போச்சு. நம்ம பக்கத்துலயே ஒருத்தன் கொறையாம ஆட்டறான், அவன் தொழில் ரகசியம் என்னன்னு தெரிஞ்சே ஆகோணும்னு மொபெட்டை எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. திங்கக்கெழமை நல்லேப்பிள்ளி வரைக்கும் போயி ரெண்டு மில்லுல விசாரிச்சிருக்காரு, உளவு பாக்க வந்தியான்னு அவிய மொறைச்சுருக்காங்க. நேத்து நெத்தி நெறையத் திருநீறு பூசிட்டுக் கொல்லங்கோட்டுக்குப் போனாரு. வந்து, அவன் கொப்பரையை ரெண்டு தடவை ஆட்டறானோ என்னமோன்னு சோத்துல கை வெச்சுக்கிட்டே யோசிக்கறாரு. எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலை.

நெசக் கணக்கு வேணுமல்ல உனக்கு. நோட்டெல்லாம் கரையான் தின்னுருச்சு, மூட்டை தூக்குன சின்னமுத்துவைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டேன். அவனுக்கு எல்லாமே முதுகுலதான் எழுதியிருக்குது. நீ அஞ்சாவது படிக்கறப்ப முன்னூறு, அந்த வருசந்தான் அவன் இடுப்புப் புடிச்சுக் கெடந்தான். நீ வயசுக்கு வந்தப்ப எரநூத்தம்பது. நீ கோயமுத்தூரு காலேசுக்குப் போன வருசம் நூத்தி இருபது, முதுகே வலிக்கலைன்னு வெசனப்பட்டிருக்கறான். கொரோனாவுல இருபது, அதையும் நம்ம மாடே தின்னுச்சு. ஏன் கொறைஞ்சுதுன்னு உன்ற வாத்தியாரு கேட்டா இப்படிச் சொல்லு. முன்னெல்லாம் கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, தேங்காப் புண்ணாக்குன்னு மூணு மூலையிலயும் அடுக்கியிருக்கும். போர்ல தண்ணி கீழ போச்சு, கடலை போட்டவிய தென்னை வெச்சாங்க, தென்னை வெச்சவிய பாதியை எளநிக்கும் பாதியைக் கள்ளுக்கும் உட்டாங்க, கள்ளெறக்கற மரத்துல தேங்கா ஏது, தேங்கா இல்லாம புண்ணாக்கு ஏது. சனத்துக்குப் பாக்கெட்டு எண்ணெ வந்துது, மாட்டுக்குக் குருணை மாதிரி மூட்டைத் தீவனம் வந்துது. இப்ப மரச்செக்கு எண்ணெதான் வேணும்னு கொச்சியில இருந்து கார்ல வாராங்கன்னு மாமா ஒரு மரச்செக்கு போட்டாரல்ல, அதுல போன வருசம் அறுபத்தி ரெண்டு மூட்டை. முந்தி மெசின்ல வந்தது அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கும், செக்குப் புண்ணாக்குக் கையில எடுத்தா எண்ணெ ஒட்டுது. செவலை அதைத் தின்னுட்டு மூட்டைத் தீவனத்தை மூந்துகூடப் பாக்க மாட்டேங்குது.

நேத்து மத்தியானம் புதுசா ஜோமோள்னு ஒரு மலையாளப் புள்ளை பலகை மாதிரி ஒரு போனை வெச்சுக்கிட்டுக் கணக்கெடுக்க வந்துது. பழைய சார் ரிட்டையர் ஆயிட்டாராம். புள்ளையாரு காதுல விழுகாம ரோட்டோரம் புளியமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி, அறுபத்தி ரெண்டுன்னு சொல்லிட்டேன். சொன்னதும் பலகை செவப்பாயிருச்சு. இத்தற கொறஞ்சா காரணம் பறயணும் சேச்சின்னுது அந்தப் புள்ளை, போன வருசத்துக்கு இவ்வளவு கொறைஞ்சா ஏன்னு சொல்லோணுமாம். நான் இத்தனை வருசம் பொய் சொன்னேன்னு போடும்மான்னேன். அது விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, வறட்சி, மெசின் ரிப்பேரு, ஆள் பத்தலை, மற்றவை, இதுல ஒண்ணுதான் அமுக்க முடியும்னு சொல்லி மற்றவையை அமுக்கிருச்சு. பழசைத் திருத்த முடியாதான்னு கேட்டேன், அது பூட்டியாச்சு சேச்சின்னு போயிருச்சு. அங்க பூட்டிட்டாங்க, உன்ற கிட்டயாவது தொறந்து சொல்லோணும்னுதான் எழுத உக்காந்தேன்.

வெள்ளிக்கெழமை. ரெண்டு நாளா அனுப்பாம வெச்சிருந்தேன். காலைல உன்ற மாமா ஆனமலைப் பக்கமும் போயிப் பாத்துட்டு வாரேன்னு பெட்ரோலுக்குக் கெளம்புனாரு, இதுக்கு மேல தாங்காதுன்னு வண்டிச் சாவியைப் புடுங்கி வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். சத்தம் போடுவாருன்னு பாத்தேன். துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. அப்பறம், அப்ப அஞ்சு நாளா நான் பொறாமைப்பட்டது என்ற மேலயேவான்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். சிரிச்சாரு அம்மிணி, மில்லுக்குக் கடலை வரத்து நின்ன நாள்ல இருந்து அப்படி அவரு சிரிச்சு நான் பாத்ததில்லை. அப்பறம் கண்ணைத் தொடைச்சுட்டு, புள்ளை எரநூறு பேரு முன்னால நிக்கறப்ப நம்மளால தலை குனியக் கூடாது, இன்னைக்கே அனுப்புன்னு அவரே சொல்லிட்டாரு.

அதனால உன்ற படத்துல ஏறிட்டே போற அந்தக் கோட்டை எடுத்துரு கண்ணு. யாருன்னு கேட்டா என்ற பேரைச் சொல்லு, எனக்கு வெக்கமில்லை. மத்த ஊர்க் கணக்கையும் அப்படியே நம்பாதே, ஒவ்வொரு மில்லுலயும் ஒரு அத்தை இருப்பா, சார் வாரப்ப அங்க பதில் சொல்றது யாருன்னு விசாரி. எறங்குற கோட்டைக் காட்டறமேன்னு தயங்காதே, அதுல ஒவ்வொரு வருசமும் உன்ற மாமா மில்லைத் தொறந்துதான் வெச்சிருந்தாரு, அதையும் சேத்திச் சொல்லு. ஆத்தா உன்ற நாக்குல நின்னு பேசுவா. பேசற அன்னைக்கு வெறும் ரொட்டி தின்னுட்டுப் போகாதே, சோறாக்கித் தின்னு. எடுத்துட்டேன் அத்தைன்னு ஒரு வரி போடு, அதுக்கப்பறந்தான் எனக்குத் தொண்டைல சோறு எறங்கும்.

நூறாயுசு நல்லா இருக்கோணும் சாமி.

இப்படிக்கு,
உன்னை வளத்த அத்தை
மயிலாத்தா