பூட்டிய பூங்காவுக்குள் வெள்ளையன்

கார்த்திகை 9, செவ்வாய், இரவு.

நடந்ததைப் பிரித்து எழுதினால் தூக்கம் வரலாம்.

1. பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. மீறினால் நகராட்சி வண்டி பிடித்துப் போகும்.
2. நான் வெள்ளையனை வெளிக்கம்பியில்தான் கட்டினேன்.
3. பெஞ்சில் யாரும் இல்லை.

சாயங்கால நடை முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் காவலர் சண்முகம் கேட்டைப் பூட்டினார். கம்பியில் சங்கிலியும் கழுத்துப்பட்டையும் மட்டும் தொங்கின. என் நாய் உள்ளே, வேப்பமரத்தடி பெஞ்சின் முன்னால் உட்கார்ந்திருந்தது.

"அய்யா, கழுத்துப்பட்டை மாட்டுனது மாட்டுனபடியே கெடக்கு. கழட்டிட்டுத் திரும்ப மாட்டிவைக்க ஒங்க நாய்க்குக் கை மொளச்சிருச்சா?" என்று சிரித்த சண்முகம், உடனே போனை எடுத்தார். "வண்டிக்குச் சொல்லலைன்னா என் வேலைக்கு ஒலை வச்சிருவாக."

"செத்த நேரம் பொறுங்க" என்று கெஞ்சினேன். முனகிக்கொண்டே திறந்துவிட்டார்.

அது ஸ்ரீவில்லிபுத்தூர் ராமசுப்பு வழக்கமாக உட்காரும் பெஞ்ச். வரும்போதெல்லாம் பால்கோவா கொண்டுவந்து, கேட்டுக்கு வெளியே நின்று வெள்ளையனுக்கு ஊட்டுவார். "போர்டு படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான்வே சட்டம். ஒருநாள் ஒம்ம நாயை உள்ள ஒக்கார வைக்கேன், பாரும்" என்பார். போன மாதம் இறந்துவிட்டார்.

யாரோ தடவிக்கொடுப்பதுபோல் வெள்ளையன் கண்ணை மூடிக் கழுத்தை உயர்த்தியிருந்தான். கூப்பிட்டேன். பெஞ்சைப் பார்த்து, உத்தரவு கிடைத்த பிறகுதான் எழுந்து வந்தான்.

எனக்குச் சர்க்கரை. வீட்டில் இனிப்பே வாங்குவதில்லை. இப்போது கட்டிலடியில் படுத்து வாயை நக்கிக்கொண்டிருக்கிறான். குனிந்து முகர்ந்தேன். பால்கோவா வாசனை.

மூன்றாவதாக எழுதியது தவறு.